ஏட்டில் எழுதப்படாதோர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்ததும் வருவது கொடும்பாளூர். இருக்குவேளிர் மரபினரான பூதி விக்கிரமகேசரி தம் பெயராலும் தம் தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எழுப்பிய மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே எஞ்சி நிற்கின்றன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அம்மரபின் தலைமுறைகளையும் அவர்தம் வெற்றிகளையும் வரிசையாக உரைக்கிறது. அக்காலத்தில் அவ்வூரில் மகப்பேற்றின்போது இறந்த பெண்கள் எத்தனை பேர், காய்ச்சலில் மடிந்த குழந்தைகள் எத்தனை பேர் என்பதை அக்கல் கூறவில்லை. அரசர் வரலாறு கல்லில் ஏறியது. குடிமக்களின் நோயும் இறப்பும் எதிலும் ஏறவில்லை.

இன்று அந்நிலை மாறியுள்ளது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்கிறார். அப்பெண்ணுக்குத் தனி எண் ஒன்று வழங்கப்படுகிறது. அவளது எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு, முந்தைய மகப்பேறுகளின் விவரம் ஆகியவை 'பிக்மி' எனப்படும் கணினித் தொகுப்பில் சேர்கின்றன. தனித்து நோக்கினால் இவை வெறும் எண்களே. மாதந்தோறும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போதுதான், இரத்த அழுத்தம் சிறிது சிறிதாக ஏறிவருவதும், சோகை குறையாமல் நிற்பதும் புலப்படும். பேறுகாலம் வருமுன்பே அப்பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப இக்கணக்கு வழிவகுக்கிறது. தரவுப் பகுப்பாய்வு என்னும் பெருஞ்சொல்லின் பொருள் அடிப்படையில் இவ்வளவே.

இறப்பையும் இவ்வாறே ஆராய வேண்டும். தமிழ்நாட்டில் மகப்பேறு தொடர்பான ஒவ்வொரு மரணமும் தணிக்கை செய்யப்படுகிறது. நோய் எது என்று கேட்பதோடு அத்தணிக்கை நின்றுவிடுவதில்லை. மருத்துவமனைக்குச் செல்ல வீட்டார் முடிவெடுத்தது எப்போது, ஊர்தி கிடைக்க எவ்வளவு நேரமாயிற்று, சென்றபின் சிகிச்சை தொடங்க எவ்வளவு நேரமாயிற்று என்னும் மூன்று தாமதங்களையும் அது வினவுகிறது. ஒரு மரணத்தின் விடை ஒரு குடும்பத்தின் துயரக் கதை. நூறு மரணங்களின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், குருதி வங்கி எங்கே தேவை, அவசர ஊர்தி எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியவரும். 2001–03 காலத்தில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் மகப்பேற்று இறப்பு விகிதம், 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. கணினி மட்டும் இதனைச் செய்துவிடவில்லை. இரவிலும் விழித்திருக்கும் செவிலியரும் 2008இல் வந்த 108 ஊர்தியும் இன்றேல் எந்தக் கணக்கும் பயன் தந்திராது.

புதுக்கோட்டை மண்ணுக்கு இதில் தனி உரிமை உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அந்நிறுவனத்தில் 1982 முதல் சென்னை மக்களிடையே தோன்றும் புற்றுநோய்கள் முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்துவந்ததையும், மார்பகப் புற்றுநோய் அதனை முந்தியதையும் காட்டியது இப்பதிவேடே. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்த்தாலும் இம்மாற்றத்தை உறுதியாகச் சொல்லிவிட இயலாது.

ஆயினும் எண்கள் பொய் சொல்லா என்று கூறுவோர் எண்களை அறியாதவரே. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு கணினி நிரல், எவருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்பதை அவர்தம் மருத்துவச் செலவைக் கொண்டு கணித்தது. கறுப்பின மக்கள் நோயுற்றிருந்தும் சிகிச்சை குறைவாகவே பெற்றனர். ஆகவே அவர்களுக்கான செலவும் குறைவாக இருந்தது. நிரலோ அவர்கள் நலமாயிருப்பதாகக் கொண்டது. 2019இல் வெளியான ஆய்வு இதனை வெளிப்படுத்தியது.

இங்கும் அத்தகைய பிழைக்கு இடம் உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கின்றனர். மருத்துவமனைக்கு வராதவரையும் கணக்கில் கொணரும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்போர் யார்? விடியலில் பேருந்தேறித் திருச்சிக்குக் கட்டட வேலைக்குச் செல்பவரும், திருப்பூரிலேயே தங்கிவிட்டவரும் அந்த ஏட்டில் இடம்பெறுவது அரிது. மாரடைப்பு வந்து விழும்வரை அவர்தம் இரத்த அழுத்தம் எவருக்கும் தெரியாது. அவர்களை விட்டுவிட்டுக் கூட்டிய கணக்கு ஊரை உள்ளதைவிட நலமாகக் காட்டும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. குறைந்த எண்ணைக் காட்டும் செவிலியரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கடிந்துகொள்ளும் வழக்கம் எங்கிருக்கிறதோ, அங்கே அடுத்த மாதம் எண் உயரும்; நலம் உயராது. எல்லார்க்கும் 120/80 என்றே நிரப்பப்பட்ட ஏடு வெற்றேட்டினும் கொடியது. வெற்றேடு ஐயத்தையாவது எழுப்பும். மரணத்தை மறையாமல் எழுதியவரைப் பாராட்டும் மேலதிகாரியே நல்ல தரவின் முதல் தேவை. கணினி அதற்கு அடுத்ததுதான்.

நோயாளியின் பெயர் வெளியே கசியாமை வேண்டும் என்பதைத் தனியே வற்புறுத்த வேண்டுவதில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனையே கோருகிறது. பெயரை மறைத்துவிட்டு எண்ணை ஊராரிடம் சொல்வதில் தடை ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வரவுசெலவு படிக்கப்படுகிறது. அவ்வூரில் சோகையுற்ற கருவுற்ற பெண்கள் எத்தனை பேர், சர்க்கரைக்கு மருந்து தொடங்கி இடையில் நிறுத்தியவர் எத்தனை பேர், இதுவரை ஒருமுறையும் அளக்கப்படாதவர் எத்தனை பேர் என்பதையும் அங்கே படிக்கலாம். அவ்விறுதி எண்ணைக் கேட்டதும், திருச்சி வேலைக்குப் போகும் தன் மகனின் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு சபையில் எழுந்து சொல்ல ஒரு தாய் இருப்பாள்.