நான்கு சாட்சிகள் போதுமா?

புதுச்சேரியிலுள்ள சர்க்கார்ப் பள்ளிக்கூடங்கள் 2024-25 கல்வி வருஷத்தோடு முற்றிலும் மத்திய பாடத்திட்டத்திற்கு மாறிவிட்டன. அம்மாறுதலைப் பற்றி நடந்த வாதப் பிரதிவாதங்களை மறுபடியும் கிளப்ப நாம் விரும்பவில்லை. வந்துவிட்ட புஸ்தகத்தை எவ்விதம் கற்பிப்பது என்பதே நமது கேள்வி.

பத்தாம் வகுப்பு விஞ்ஞான புஸ்தகத்தின் முதல் அத்தியாயம் ரஸாயன மாறுதல்களைப் பற்றியது. நிலை மாறுதல், நிற மாறுதல், வாயு வெளிப்படுதல், உஷ்ண மாறுதல் ஆகிய நான்கு குறிகளும் ரஸாயன மாறுதலைக் கண்டுகொள்ள உதவும் என்று அது கூறுகிறது. உதவும் என்றுதான் கூறுகிறது. பரீட்சைக்குப் பயந்த பிள்ளையோ இவையே ருசு என்று உருப்போட்டு விடுகிறான். சாட்சி கூண்டில் ஏறிய மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிடும் நீதிபதியை நாம் சகிப்போமா? வழக்கின் பிரச்னை ஒன்றே: முன் இல்லாத புதிய வஸ்து பிறந்ததா, இல்லையா?

சாட்சிகளைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வோம். பனிக்கட்டி உருகினால் நிலை மாறுகிறது; தண்ணீர் தண்ணீரே. சோடாப் புட்டியைத் திறந்தால் குமிழி பொங்குகிறது. அது அழுத்தத்தால் முன்பே நீரில் கரைந்திருந்த வாயு. சமையல் சோடாவில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தாலும் குமிழிதான். ஆனால் இந்த வாயு அப்பொழுதே பிறந்தது. டப்பாவிலிருக்கும் கற்பூரம் குறைவது வேறு, தீபாராதனைத் தட்டில் எரிவது வேறு. முன்னது கற்பூர ஆவி. பின்னதில் கற்பூரமே இல்லை.

கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று ஆஸ்பர்ன், காஸ்க்ரோவ் என்னும் இருவர் நியூஸிலாந்துப் பிள்ளைகளைக் கேட்டு, 1983-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்றவர் பலர். காற்று என்றவரும் உண்டு. அது வெறும் நீராவி. பாடம் படித்த பெரிய பிள்ளைகளிடமும் இப்பிழை மறையவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இதற்கு மாறாக, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் நீர்த்த காஸ்டிக் சோடாவையும் கலந்தால் நிறமில்லை, குமிழியில்லை. சிறிது சூடு உண்டு; தொட்டுப் பாராதவனுக்கு அதுவும் தெரியாது. உப்பும் நீரும் பிறந்துவிட்டன! சாட்சி இல்லையென்பதால் சம்பவம் நடக்கவில்லையென்று ஆகாது.

நமது ஊரின் பழைய சுண்ணாம்புச் சுவர்களைவிடச் சிறந்த பாடபுஸ்தகம் வேறு ஏது? சுத்தமான சிப்பி 100 பங்கு, காளவாயில் 44 பங்கு கரியமில வாயுவை இழந்து 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாகிறது. 18 பங்கு நீர் சேர்ந்தால் கொதித்து நீறி 74 பங்காகிறது. சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே 44 பங்கு வாயுவை மெல்ல ஏற்று, 18 பங்கு நீரை விட்டு, மீண்டும் 100 பங்கு சிப்பி வஸ்துவே ஆகிவிடுகிறது. சுவர் காய்ந்து இறுகிற்று என்று கொத்தனாரும் சொல்கிறார், நாமும் சொல்லுகிறோம். காய்வது வேறு, இறுகுவது வேறு.

துருவும் அப்படியே. கடற்கரைக் கம்பி அரிக்கப்பட்டுத் தேய்கிறது என்பது கண்ணின் தீர்ப்பு. உதிர்ந்த துருவையும் சேர்த்து நிறுத்தால், ஆக்ஸிஜனும் ஈரமும் ஏறி எடை கூடியிருக்கும். 1789-ல் பிரெஞ்சுக்காரரான லவாஸியே வெளியிட்ட ரஸாயன நூலின் பலம் தராசுதான். 1794-ல் அவர் தலையைப் புரட்சிக்காரர் வாங்கினர்; தராசின் தீர்ப்பை ஒருவராலும் மாற்ற முடியவில்லை.

உபாத்தியாயர்களைக் குறைகூறுவது அநியாயம். குறிகள் எவை என்று வினாத்தாள் கேட்கும்வரை அவர்கள் குறிகளையே ஒப்பிக்கச் செய்வார்கள். கல்வி இலாகா ஒவ்வொரு பள்ளிக்கும் நல்ல தராசு ஒன்று கொடுக்கட்டும். டப்பாக் கற்பூரம், தட்டுக் கற்பூரம் இவற்றில் எது ரஸாயன மாறுதல், காரணம் கூறுக என்று வினாத்தாள் கேட்கட்டும். பொதுப் பரீட்சை டில்லியின் கையில் இருக்கலாம். அரையாண்டுப் பரீட்சை நம் கையில்தானே இருக்கிறது?