கல்லாற்றில் பத்து சென்டு

அன்பர் ஒருவர் சென்ற திங்கள் என்னை வினவினார். இதயக் குருதிக்குழாயில் வளையம் பொருத்திக்கொண்டு அவருக்கு ஓராண்டுதான் ஆகிறது. கல்லாற்றில் பத்து சென்டுத் தோட்டம் பாட்டத்திற்கு வருகிறதாம், எடுக்கலாமா? துணைவியாரோ வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பொன்முடி மலையடிவாரத்து ஊர் கல்லாறு. காணி மரபினரான லட்சுமிக்குட்டி அம்மாள் ஓலைக்குடிலைச் சுற்றி மூலிகை வளர்த்ததும், எழுபது கடந்த பின் 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றதும் இவ்வூரிலிருந்தே. அவரையே அன்பர் சான்று காட்டினார். அம்மையார் அக்காட்டில் பிறந்தவர். நம் அன்பரோ நாற்பதாண்டுகள் நாற்காலியில் அமர்ந்தவர்!

நோயைவிட நான் அஞ்சுவது மலைச்சரிவையும் தொலைவையும். மிளகு பறிக்க ஏணி ஏறவேண்டும். ஜூன் மழையில் வெறுங்காலுடன் சேற்றில் நின்றால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவருக்கு அரிவாள் பட்ட காயத்தில் குருதி எளிதில் நில்லாது. நெஞ்சு வலித்தால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு மணி நேரத்திற்கு மேலாகும்.

ஆயினும் முற்றும் மறுக்க மனம் வரவில்லை. நோயிலிருந்து எழுந்தவர் மண்ணைக் கேட்கிறார்; அது நல்ல அடையாளம் அன்றோ? மருத்துவர் இசைந்தால், சாலையோரச் சமநிலத்தில் இரண்டு சென்டு மட்டும், ஓராண்டுப் பாட்டத்திற்கு எடுக்கட்டும். கொத்துவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். இஞ்சியும் மஞ்சளும் கீரையும் அவர் கையால் நடலாம். தனியே செல்லலாகாது.

இதைக் கேட்ட துணைவியார், தாமும் உடன் வருவதாகச் சொன்னார். இரண்டு சென்டு போதாது என்று அன்பர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.