மலை வண்டிக்கு எந்த ஆயில்?

மலையில் ஓட்டும் பைக்குக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று எங்கள் குண்டூர் நாட்டில் பலரும் சொல்வார்கள். இது தவறு என்பது என் கருத்து.

காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல், இரண்டாம் கியரிலேயே ஏற வேண்டும். வேகம் குறைவதால் காற்றும் குறைவு, இன்ஜின் சூடேறும். ஆயிலுக்கு வேலை அதிகம்தான். ஆனால் எவ்வளவு கெட்டி வேண்டும் என்பதை வண்டி செய்தவர்களே கையேட்டில் போட்டிருக்கிறார்களே! ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30. முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மை, இரண்டாவது சூட்டில் அதன் கெட்டித்தன்மை. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் பலம் கூடாது, மைலேஜ்தான் குறையும்.

இந்த எண்ணைப் போலவே முக்கியம், டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா என்பது. கியர் பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. ஸ்கூட்டருக்கான 'எம்பி' ஆயிலும் அப்படித்தான். அவற்றை ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். மிளகு மூட்டையோடு வளைவில் முறுக்கினால் சத்தம் வரும், வண்டி நகராது. பின்னால் பஸ் வந்தால்?

பைக்குக்குத் தேவை ஒரு லிட்டர் அளவு ஆயில்தான். அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பிறகு கிளட்ச் பிளேட் மாற்றுவது எந்தக் கணக்கில் லாபம்? கடையில் கேட்பதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.