பதின்மூன்று சட்டைகள்

என்பிஏ கூடைப்பந்தில் 13 அணிகளுக்கு ஆடியவர் இஷ் ஸ்மித். அது ஒரு சாதனை. 'ஒரு அணியும் இவரை வைத்துக்கொள்ளவில்லை' என்று கிண்டலும் செய்வார்கள். 2010 டிராஃப்ட்டில் யாருமே எடுக்காத ஆளை 13 அணிகள் கூப்பிட்டன என்றும் சொல்லலாமே!

2015 கோடையில் பிலடெல்பியா அவரைப் போகவிட்டது. அடுத்த சீசனின் முதல் 31 ஆட்டங்களில் அந்த அணி வென்றது ஒன்றே ஒன்று. டிசம்பரில் டிராஃப்ட் உரிமை இரண்டைக் கொடுத்து, நியூ ஆர்லியன்ஸிடமிருந்து அதே ஸ்மித்தைத் திரும்ப வாங்கியது. (சும்மா விட்டதை விலை கொடுத்து வாங்கிய கதை.) பந்தை எடுத்துப்போய் சரியான ஆளிடம் சேர்க்கத் தெரிந்தவர் இல்லாமல், இளம் திறமைகளை மட்டும் வைத்து என்ன செய்ய?

2023-ல் டென்வர் சாம்பியன் ஆனபோது, பெரும்பாலும் பெஞ்சில்தான் என்றாலும், ஸ்மித்தும் அணியில் இருந்தார். அந்த நவம்பரில், 35 வயதில், பிறந்த ஊரான சார்லட்டின் அணி அவரை மறுபடி கூப்பிட்டது.