படிப்பவன் மாறக் கூடாதா?

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் உணவு இடைவேளையில், உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் க.நா.சுப்ரமண்யத்துக்கு ஒரே வரியில் தீர்ப்பு வழங்கினார். "நிலைகொள்ளாத மனிதர், எதிலும் ஊன்றி நிற்கவில்லை." சாம்பார் சாதத்தோடு அத்தீர்ப்பையும் விழுங்கிவிட்டு எழுந்தோம். சுவாமிமலையில் பிறந்து வளர்ந்த நாம், சுவாமிமலைக்காரரான அவருக்காக வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறோம்.

அந்த நிலைகொள்ளாமைதான் யாது? 1912இல் பிறந்த க.நா.சு., மகன் ஆங்கில எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட தந்தையின் பிள்ளை. ஆங்கிலத்திலேயே எழுதத் தொடங்கினார். மணிக்கொடிக் காலத்தில் தமிழுக்குத் திரும்பினார். (தந்தைக்கு மகன் உபதேசம் செய்த ஊராயிற்றே, தந்தையின் கனவைத் திருத்தியதில் வியப்பென்ன?) பின்னர் ஐரோப்பிய நாவல்கள் அவரை ஆட்கொண்டன. நட் ஹாம்சன் 1917இல் எழுதிய நாவல் 'நிலவளம்' ஆயிற்று. செல்மா லாகர்லெவ் 'மதகுரு'வாகவும், லாகர்குவிஸ்ட் 'அன்பு வழி'யாகவும் தமிழுக்கு வந்தனர். 1950களில் விமரிசனம் அவரைப் பிடித்துக்கொண்டது. 'படித்திருக்கிறீர்களா?' என்று நூலுக்குப் பெயரிட்டுத் தமிழரை நேருக்கு நேர் கேட்டார். பட்டியல் போட்டார், பகை சம்பாதித்தார். மயன் என்ற பெயரில் புதுக்கவிதை எழுதினார். பிற்காலத்தில், தில்லியில் வாழ்ந்த ஆண்டுகளில், குறளிலும் சிலம்பிலும் ஆழ்ந்து அவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றார். 1986இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நூலின் பெயர் 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்'. 1988இல் மறைந்தார்.

இவரையா ஊன்றி நிற்காதவர் என்பது? ஹாம்சனைக் கடந்து சிலம்புக்கு வந்து சேர்ந்த ஒருவரைக் கண்டு மகிழ வேண்டியவர்கள் தமிழ்த்துறையினர் அல்லவா? நமக்கோ அது மனம் ஒப்பவில்லை. "அவர் எட்டுத்தொகை ஆள்", "இவர் பக்தி இலக்கிய ஆள்" என்று ஆளுக்கொரு பாத்தி கட்டிக்கொண்டு பழகிவிட்டோம். இருபத்தைந்து வயதில் எடுத்த ஆய்வுத் தலைப்பை ஓய்வூதியம் வரை இழுத்துச் செல்வதற்குப் புலமை என்று பெயர். பல இடங்களில் இந்த ஊன்றுதல், படிப்பு நின்றுபோனதன் மரியாதையான பெயரே.

மாறுவோர் எல்லாரும் க.நா.சு. ஆகிவிடார் என்பதை ஒப்புகிறோம். அமைப்பியலும் பின்நவீனத்துவமும் தமிழ்த்துறைகளில் நுழைந்தபோது கலைச்சொற்களை மட்டும் அள்ளிக்கொண்டு அடுத்த பந்திக்கு நகர்ந்தோர் பலர். அந்த வரிசையில் நாமும் நின்றோம். பத்து வயதில் அம்புலிமாமா, பதினான்கில் சாண்டில்யன், கல்லூரியில் சங்கப்பாட்டு, பின் சில ஆண்டுகள் மார்க்சியம் என்று நகர்ந்த நாம் ஒவ்வொரு முறையும் முந்தையதைக் குறித்து வெட்கப்பட்டோம். யவனராணியை விடிய விடியப் படித்ததை நண்பர்களிடம் மறைத்தோம். மாறியதில் பிழையில்லை, அந்த வெட்கமே பிழை. விளக்கு வெளிச்சத்தில் பக்கம் புரட்டிய அந்தப் பசி இல்லாதிருந்தால் கலித்தொகை உரைக்குள் நாம் நுழைந்தே இருக்க மாட்டோம்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பதும் ஐயமே. இரண்டாண்டுகளுக்கு முன் முதுகலை மாணவி ஒருவர் 'நிலவளம்' படித்துவிட்டு வந்தார். குளிர் நாட்டில் காட்டை வெட்டி நிலம் திருத்தும் ஈசாக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், தம் தாத்தா களர் நிலத்தைத் தழையுரமிட்டு நடவுக்குக் கொண்டுவந்த கதையில் போய் முடித்தார். அதையே ஆய்வேடாக எழுதலாமா என்று கேட்டார். "தமிழ்த்துறையில் மொழிபெயர்ப்பு நாவலா அம்மா? வாய்மொழித் தேர்வில் வம்பு வரும். உவமைகள் பற்றி ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். எடுத்துக்கொண்டார்; முதல் வகுப்பும் பெற்றார். அதன்பின் எந்த நூலைப் பற்றியும் நம்மிடம் அவர் பேசவில்லை. உணவு மேசையில் தீர்ப்பு வழங்கிய நண்பருக்கும் நமக்கும் அன்று என்ன வேறுபாடு இருந்தது?

இனி அந்த நண்பர் ஒன்று கேட்கக்கூடும். 1946இல் வெளிவந்த 'பொய்த்தேவு' நாவலில், மாறிவரும் தெய்வங்கள் யாவும் பொய் என்று க.நா.சு.வே சொல்லவில்லையா? சாத்தனூர் மேட்டுத் தெருச் சோமு பணத்தைத் தொழுகிறான், இன்பத்தைத் தொழுகிறான், இறுதியில் எல்லாம் துறந்து பண்டாரமாகச் சாகிறான். உண்மைதான். ஆனால் சோமு எந்தத் தெய்வத்தையும் அரைமனதாகத் தொழுதவன் அல்லன். ஒவ்வொன்றுக்கும் தன்னை முழுதாகக் கொடுத்தான். அதனாலேயே ஒவ்வொன்றையும் கடந்தான். மேட்டுத் தெருவிலேயே உட்கார்ந்திருந்தால் அவன் பண்டாரமும் ஆகியிருக்க மாட்டான். நண்பர் அந்நாவலை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே அறிவார் என்று ஐயுறுகிறோம். நம் பிரதியைத் தரச் சித்தமாக இருக்கிறோம். திருப்பித் தர வேண்டும்.