பேடு கட்டியவன் மட்டுமா குற்றவாளி?

(ஹாக்கி அணியில் 'பேக்' ஆடும் ஓர் இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)



இந்த ஆண்டு டிவிஷன் போட்டியில் நம்ம ஹாக்கி டீம் முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கித் தோற்றுத் திரும்பிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி கேன்டீனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை டீ குடிக்கப் போனால், "ஏன் மச்சான், உங்க கோலி நின்னுக்கிட்டே தூங்கிட்டானா?" என்று ஒரே கிண்டல். ஸ்டிக்கை எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாதவர்கள்கூட கோல்கீப்பிங் பற்றி அரைமணி நேரம் லெக்சர் கொடுத்தார்கள்!

நம்ம டீமுக்குக் கோல்கீப்பிங் பிரச்சினை இருக்கிறது என்பதை நான் மறுக்க வரவில்லை. நான் சேர்ந்த முதல் வருடத்திலிருந்து இதே வியாதிதான். ஆனால் கோல்கீப்பிங் பிரச்சினை என்றால் அது கோல்கீப்பர் ஒருவனுடைய பிரச்சினைதானா? இல்லை என்பதே என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

பேடு எப்படி அவன் காலுக்கு வந்தது?

போட்டிக்குச் சரியாக மூன்று நாள் இருக்கும்போதுதான், "யாருடா கோல் நிக்கப் போறது?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். போன வருடம் நின்ற அண்ணன் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்விட்டார். அவர் போவார் என்பது ஒரு வருடத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் யோசிக்கவில்லை. ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தோம். கடைசியில் எலெக்ட்ரிக்கல் முதலாண்டுத் தம்பி ஒருவனைப் பிடித்துப் பேடைக் கட்டிவிட்டோம். ஃபார்வர்டு ஆடும் ஆசையோடு வந்தவன். டீமிலேயே சின்னவன். "முடியாதுண்ணே" என்று சொல்லத் தெரியாதவன். அது ஒன்றுதான் அவனுக்கு இருந்த தகுதி!

இன்று அந்தத் தம்பி கிரவுண்டு பக்கமே வருவதில்லை. பேடைக் கொண்டுவந்து ஸ்போர்ட்ஸ் ரூமில் வைத்துவிட்டுப் போனவன்தான்.

நண்பர்களே, டீமில் மிகக் கடினமான வேலையை எதற்கும் பயன்படாதவன் என்று நாம் நினைக்கிறவனிடம் கொடுக்கிறோம். பிறகு அவன் பயன்படவில்லை என்று திட்டுகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

முதலில் தேடவேண்டிய ஆள்

கோல்கீப்பரைக் கடைசியாக அல்ல, முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணும் காலும் வேகமாக இருப்பவன், பந்து முகத்துக்கு வந்தாலும் திரும்பிக்கொள்ளாதவன், தொண்டை திறந்து கத்தக்கூடியவன் யார் என்று ஜூலையிலேயே பார்க்க வேண்டும். கபடி, வாலிபால் ஆடுகிற பையன்களிலும் தேடலாம்.

கேரளத்தின் பி.ஆர். ஸ்ரீஜேஷ் பிறக்கும்போதே பேடு கட்டிக்கொண்டு பிறக்கவில்லை. திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளிக்குப் போன வயதில் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று இருந்த பையன். அவரைக் கோல் நிற்கச் சொன்னவர் அங்கிருந்த பயிற்சியாளர். யாரோ ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால்தான் நாட்டுக்கு ஒரு கோல்கீப்பர் கிடைத்தார். அவர் இந்திய அணிக்கு முதலில் ஆடியது 2006ல். டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என்று வென்று, கடைசி ஆறு விநாடியில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்து, வெண்கலம் வாங்கியது 2021ல். இடையில் பதினைந்து வருடம்! லண்டன் ஒலிம்பிக்கில் (2012) இந்தியா பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம் பிடித்தபோது அவரும் அந்த அணியில் இருந்தவர்தான். அன்றே தூக்கி எறிந்திருந்தால் 2021 ஏது? பாரிஸ் வெண்கலம் (2024) ஏது? நாமோ மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிட்டு அற்புதத்தை எதிர்பார்க்கிறோம்!

தனியாக இருபது நிமிடம்

நம்ம பிராக்டிஸ் எப்படி நடக்கிறது? நாமெல்லாம் பாஸ் போட்டு, ஓடி, வியர்த்துக்கொண்டிருக்க, கோலி ஓரமாக உட்கார்ந்திருப்பான். கடைசிப் பத்து நிமிடத்தில் அவனை நிறுத்திவைத்து ஆளுக்கு ஆள் சாத்துவோம். அதற்குப் பெயர் பயிற்சியா? நமக்கு ஷூட்டிங் பிராக்டிஸ், அவனுக்குச் சித்திரவதை!

கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். நமக்குத் தனிக் கோச் கிடைக்கமாட்டார். ஆனால் தினமும் டீம் ஆட்டம் தொடங்குமுன் இருபது நிமிடம் ஒரே ஒருவன் அவனோடு நின்றால் போதும். சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து, திரும்பி வருவதைக் கையாலும் காலாலும் தடுக்கலாம். வந்த பந்தை நடுவிலேயே போடாமல் ஓரத்துக்கு உதைத்துத் தள்ளப் பழகலாம். ஏனென்றால் பல கோல்கள் முதல் அடியில் விழுவதில்லை. தடுத்த பந்து எதிரியின் ஸ்டிக்குக்கே போய், இரண்டாவது அடியில்தான் விழுகின்றன. எங்கள் ஆறு கோலில் மூன்று அப்படி வந்தவை. கோலுக்குப் பின்னால் நின்று யாராவது மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டினால் எங்கே நின்றோம் என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. நாம டிப்ளமோ படிக்கிறவங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போமே! கோலின் அகலம் 3.66 மீட்டர். 'டி'யின் விளிம்பு 14.63 மீட்டர் தூரம். அங்கே நேர் எதிரில் ஒருவன் அடிக்கிறான். நம்ம ஆள் கோட்டிலேயே நின்றால் காக்க வேண்டியது முழு 3.66 மீட்டர். நான்கு மீட்டர் முன்னே வந்தால்? முதலாண்டில் படித்த ஒத்த முக்கோணங்கள்தான். 3.66ஐ 14.63ஆல் வகுத்து 10.63ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.66. ஒரு மீட்டர் கோல் காணாமல் போய்விட்டது! ஆனால் சும்மா கிடைக்கவில்லை. பந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், கோட்டில் நிற்பவனுக்கு ஏறக்குறைய 0.66 விநாடி கிடைக்கும். முன்னே வந்தவனுக்கு 0.48 விநாடிதான். எப்போது வருவது, எப்போது நிற்பது என்ற முடிவைப் பழகித்தான் எடுக்க முடியும். இதையெல்லாம் அந்தத் தம்பிக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தோமா? ஒரு வார்த்தை இல்லை.

பேக் ஆடுகிறவன் பாவம்

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இடைவேளையில் நாலு கோல் விழுந்திருந்தது. அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து, "அண்ணே, அடிக்கும்போது பந்தே தெரியல. நீங்க முன்னாடி நிக்கறீங்க" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கோல விட்டுட்டு எனக்கு ஆட்டம் சொல்லித்தர்றியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் பந்தையும் தடுக்கவில்லை. அவன் கண்ணை மட்டும் நன்றாக மறைத்தேன்!

பேக் ஆடுகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. எதிரியைக் கோலுக்கு நேரே விடாமல் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரத்திலிருந்து அடிப்பவனுக்குக் கோல் சிறியதாகிவிடும். கோலியின் பார்வையை மறைக்கக் கூடாது. அவன் கத்தினால் கேட்க வேண்டும். ஆட்டம் முழுவதும் அவன் கண் முன்னால்தான் நடக்கிறது. 'டி'க்குள் கண்டபடி ஸ்டிக்கை விட்டுப் பெனால்டி கார்னர் தானம் செய்யக் கூடாது. அப்படியே கொடுத்தாலும், கோலியோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்க முடியும். அதில் முதலில் ஓடுவது யார், போஸ்ட்டில் நிற்பது யார் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். எங்களில் இரண்டு பேர் ஒரே ஆளை நோக்கி ஓடி மோதிக்கொண்டதை நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒருவன் போதாது, இருவர் வேண்டும்

மெல்போர்ன் ஒலிம்பிக் (1956) அணியில் இந்தியாவுக்கு இரண்டு கோல்கீப்பர்கள். ஒருவர் சங்கர் லட்சுமண். மற்றவர் நம்ம மெட்ராஸ்காரர் ரங்கநாதன் பிரான்சிஸ். 1948, 1952, 1956 என்று மூன்று தங்கம் வென்ற அணிகளில் இருந்தவர் அவர். மெல்போர்னில் அந்த அணி 38 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் திரும்பியது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

பிற்காலத்தில் ஸ்ரீஜேஷ் இருக்கும்போதே கிருஷன் பாதக்கையும் பல ஆட்டங்களில் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற அன்று அடுத்த ஆள் தயாராக இருந்தார். நமக்கு மூன்று வருடத்தில் எல்லோரும் வெளியே போய்விடுகிற படிப்பு. ஆகவே இறுதியாண்டில் ஒருவன் நிற்கும்போது முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ இன்னொருவன் தயாராக வேண்டும்.

பழி போடும் பழக்கம்

1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 7–1 என்று தோற்றது. கோல் நின்றவர் மீர் ரஞ்சன் நேகி. ஆட்டத்தை விற்றுவிட்டார் என்றுகூட அவரைப் பேசினார்கள். மற்ற பத்துப் பேர் அன்று எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. பல வருடம் அந்தப் பழியைச் சுமந்த அதே மனிதர், 1998ல் பாங்காக் சென்ற இந்திய அணிக்குக் கோல்கீப்பிங் பயிற்சியாளர் ஆனார். இறுதியாட்டம் டையில் முடிந்து பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போனது. ஆஷிஷ் பல்லால் தடுத்தார். 32 வருடத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது! திட்டி விரட்டிய மனிதருக்குள் எவ்வளவு விஷயம் இருந்திருக்கிறது பாருங்கள்.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. அடிக்கடி ஃபியூஸ் போனால் ஃபியூஸ் கம்பியையா திட்டுவீர்கள்? லைனில் எங்கே கோளாறு என்றுதானே பார்ப்பீர்கள்? கோல்கீப்பருக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கிறோம். பத்துப் பேரையும் தாண்டித்தான் பந்து அவனிடம் போகிறது. நாங்கள் பத்துப் பேர் செய்த தப்பை யாரும் எண்ணுவதில்லை. அவன் செய்த தப்பு மட்டும் ஸ்கோர் போர்டில் ஏறிவிடுகிறது.

ஒரு வேண்டுகோள்

இரண்டு வாரத்துக்கு முன் அந்தத் தம்பியின் ஹாஸ்டல் ரூமுக்குப் போனேன். "தப்பு என்னுதுதான்டா" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாக, "அதில்லண்ணே… பேடு ரொம்பப் பெரிசு. ஒரு கால்ல பட்டி வேற அறுந்திருந்துச்சு. கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். ஓடவே முடியல" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு கோலைப் பற்றி இத்தனை நாள் பேசினோமே, அவனிடம் போய் என்ன நடந்தது என்று ஒருவராவது கேட்டோமா?

மாணவர் பேரவை நிர்வாகிகளுக்கும் பி.டி. சாருக்கும் என் பணிவான வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு விளையாட்டுப் பணம் வந்தவுடன் ஜெர்சிக்கு முன்னால் கோல்கீப்பர் செட் ஒன்று வாங்குங்கள். பேடு, கிக்கர், ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், கைக் கவசம் எல்லாம் ஆள் அளவு பார்த்து வாங்குங்கள். பழைய ஜெர்சியோடு ஆடலாம். அறுந்த பட்டியோடு கோல் நிற்க முடியாது.

ஜூனியர் தம்பிகளே! ஜூன் மாதம் நாங்கள் இருக்கமாட்டோம். முதல் நாள் கிரவுண்டில் கூடும்போது "யார் கேப்டன்?" என்று கேட்பதற்கு முன்னால் "யார் கோல்கீப்பர்?" என்று கேளுங்கள். இருவரைத் தேர்ந்தெடுங்கள். தினமும் இருபது நிமிடம் அவர்களுக்குக் கொடுங்கள். கோல் விழுந்தால் திரும்பி முறைக்காமல், ஓடிப்போய் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாருங்கள். இதில் கடைசி விஷயத்துக்குப் பைசா செலவு கிடையாது!

நான் கிளம்பும்போது அந்தத் தம்பியிடம், "மறுபடி வர்றியாடா?" என்று கேட்டேன். "பார்க்கலாம்ண்ணே" என்றான். வருவான் என்றுதான் நம்புகிறேன். அவன் வருவதும் வராததும் இனி அவன் கையில் மட்டும் இல்லை. உங்கள் கையிலும் இருக்கிறது!