பால்கட்டும் அரைப்பேரும்

செயற்கை மார்பகம் பொருத்திக்கொண்ட பெண்ணுக்கு அவ்விடத்தில் கிருமி தொற்றினால் செய்ய வேண்டியதை மருத்துவ நூல்கள் விரிவாகவே எழுதுகின்றன. முதலில் கிருமிக்கொல்லி மருந்து. அது கேளாவிடில் பொருத்தியதை அகற்றி, மாதக்கணக்கில் பொறுத்து மீண்டும் பொருத்துவது. எழுதட்டும், அவளும் நோயாளியே. ஆனால் அதே ஸ்டெபைலோகாக்கஸ் கிருமி ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் தாயின் மார்பில் சீழ் வைத்தால், கண்ணேறு என்று பேச்சை முடித்துவிடலாமா?

பிள்ளை காம்பராவில் குழந்தை பசித்து அழுகிறது. தாய் மலையில் நிற்கிறாள். குடிக்கப்படாத பால் கட்டுகிறது. வெடித்த காம்பின் வழியே கிருமி நுழைகிறது. அவளை அங்கே நிறுத்தி வைப்பது எது? கிலோ குறைந்தால் அரைநாட் கூலி, அதாவது அரைப்பேர், என்னும் கணக்கல்லவா? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் தாய்க்கு நாளில் இருமுறை பாலூட்ட நேரம் தருகிறது. காம்பரா உள்ள இடத்தில் முறைக்கு அரைமணி. செங்குத்து மலையில் இறங்கி ஏறவே அந்த அரைமணி போனால், ஊட்டுவது எப்போது?

மார்பு சிவந்து காய்ச்சல் கண்ட அன்றே மருந்து கொடுத்து, பாலூட்டலையும் தொடரச் செய்தால் பெரும்பாலும் கட்டி உருவாகாது. உருவானாலும் ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்கலாம். பாலை நிறுத்தச் சொல்லுவது நோயைப் பெருக்கும் யோசனை. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. 1992இல் தோட்டங்களை நிர்வகிக்க வந்த கம்பெனிகளிடம் நாம் கேட்பது இதுதான்: பாலூட்டும் தாயின் கிலோவைக் குறையுங்கள், நடக்கும் நேரத்தையும் பேரில் சேருங்கள்.